சறுக்கின நாளை யாரிடம் சொல்வது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 41 வயது. வீரவநல்லூரில் இருந்து தினமும் ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷன் வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து கொக்கிரகுளத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போகிறேன். கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை சராசரி (HbA1c) 6.1 என்று வந்திருக்கிறது. இப்போதே எடையைக் குறைத்தால் மாத்திரை இல்லாமல் தப்பிக்கலாம் என்றார் டாக்டர். என் அம்மா பீடி சுற்றி எங்களைப் படிக்க வைத்தவர். சர்க்கரையால் போன வருடம் அவருக்குக் கால்விரல் ஒன்றை எடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகும் என்னால் ஒழுங்காக இருக்க முடியவில்லை.

தைப் பொங்கல் அன்று பள்ளித் தோழிகள் 14 பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். தினமும் காலையில் எடை மிஷினைப் படம் எடுத்துப் போட வேண்டும். மூன்று வாரத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தேன், எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம், மறுநாள் தேங்காய்ப்பாலில் காய் போட்டுச் செய்கிற சொதிச் சாப்பாடு. அதற்கு அடுத்த நாள் காலையில் 1.3 கிலோ கூடியிருந்தது. வெட்கமாகப் போய்ப் பழைய படத்தையே திரும்பப் போட்டேன். நாலு நாள் அப்படிப் போட்டேன் மேடம். பிறகு போன் ரிப்பேர் என்று சொல்லி விலகிவிட்டேன். அதோடு நடையும் போச்சு, எல்லாம் போச்சு. பழைய எடைக்கே வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் சம்பள நாளில் அல்வா வாங்கி வருவார். எடுத்துச் சாப்பிட்டால் "உனக்கு இது தேவையா?" என்பார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் என் தட்டை எட்டி எட்டிப் பார்க்கிறாள். ரயிலில் கூட வருகிற அம்பாசமுத்திரத்து அக்கா மட்டும் "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. யாராவது தலையில் குட்டிக்கொண்டே இருந்தால்தான் எனக்கு எடை குறையும் போல. அப்படிக் கண்டிப்பான ஓர் ஆளை எப்படி ஏற்பாடு செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் "நாலு நாள் அப்படிப் போட்டேன் மேடம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். யாரிடமும் சொல்லாததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த 1.3 கிலோ என்னவென்று முதலில் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் செலவுக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். 1.3 கிலோவுக்குப் பத்தாயிரம் கலோரி. கல்யாணப் பந்தியில் ஒரு முறையும் சொதிப் பந்தியில் ஒரு முறையும் வயிறாரச் சாப்பிட்டாலும் அவ்வளவு மிச்சம் விழாது. பின்னே மிஷினில் ஏறியது எது? பெரும்பாலும் தண்ணீர். ஊறுகாய், அப்பளம், வற்றல் வழியாகப் போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறும் இனிப்பும் தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் போலத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும். சாப்பிட்டது இன்னும் குடலில் இருக்கும், அதற்கும் எடை உண்டு. மாதவிலக்கு நெருங்கியிருந்தால் இன்னும் ஒரு கிலோ கூட ஏறி, நாலைந்து நாளில் தானே இறங்கும். தோழிகள் பாராட்டிய இரண்டரைக் கிலோவிலும் ஒரு பங்கு இதே தண்ணீர்தான். நீங்கள் மறைத்தது ஒரு குற்றத்தையே அல்ல. மூன்று நாள் பொறுத்திருந்தால் தானாக வடிந்திருக்கும் தண்ணீரைத்தான் மறைத்தீர்கள். அந்த மறைப்பின் பாரம் மட்டும் வடியவில்லை. அதுதான் உங்கள் நடையையும் நிறுத்தியது.

நீங்கள் கேட்பது தலையில் குட்டும் ஆளை. அந்த யோசனையைக் கைவிடுங்கள் என்பேன். ஏன் என்பதற்கு என் அனுபவம் ஒன்று இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த ஒரு மருத்துவமனையில், உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களை வரிசையில் நிற்க வைத்து எடை பார்ப்போம். எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும், அடுத்த மேஜையில் இருப்பவர் எழுதிக்கொள்வார். கூடியிருந்தால் "என்னம்மா, போன மாதம் என்ன சொன்னேன்?" என்று அங்கேயே கேட்போம். நானும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டால்தான் பயம் இருக்கும் என்று நம்பினேன். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, ஒரு முறை அப்படிக் கேட்ட பிறகு வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்தார், சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. "எடை கூடியிருந்துச்சு. குறைச்சுட்டு வரலாம்னு இருந்தேன்" என்றார். குறைத்துவிட்டு வரலாம் என்று அவர் காத்திருந்த அந்த இரண்டு வருடம் இன்றும் எனக்கு உறுத்துகிறது. கண்டிப்புக்குப் பயந்த ஆள் தப்பைக் குறைப்பதில்லை, வருவதைக் குறைத்துக்கொள்கிறார். நீங்கள் குழுவிலிருந்து விலகியதும் இதே கதைதான்.

கணக்குக் கேட்க ஆள் இருப்பது பயன் தரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிக் கேட்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த சர்க்கரை நோய் நிபுணர் ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உங்களைப் போலச் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, வேலைக்குப் போகிற 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே ஆலோசனை சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் உணவு, நடை பற்றிச் செல்பேசியில் அவ்வப்போது குறுஞ்செய்தி போனது. அவ்வளவுதான். இரண்டு வருட முடிவில், செய்தி போனவர்கள் சர்க்கரை நோய்க்குள் விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, எடையைப் படம் பிடித்துக் கேட்கவில்லை. ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்ற தொடர்பு அறுபடாமல் இருந்தது.

அதே குழுவினர் 2006இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும், உங்களுக்கு அது மிகவும் தேவை. 531 பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். உணவையும் உடல் உழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது கால்பங்குக்கு மேல் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. மிஷினில் எண் அசையாத வாரங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நடந்த நடை வீணாகவில்லை.

எடையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. இந்தியர்களுக்கு உடல் நிறை எண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் BMI) 23க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும், 25ஐத் தாண்டினால் உடல் பருமன் என்கிறோம். உங்களுக்கு 32க்கு மேல் இருக்கிறது. 5.7 முதல் 6.4 வரையிலான சர்க்கரை சராசரி நோய்க்கு முந்தைய படி. 6.5 வந்தால் நோய். உங்கள் 6.1 திரும்பி வர வழியுள்ள இடம்தான். 78 கிலோவில் 4 அல்லது 5 கிலோ இறங்கினாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் தெரியத் தொடங்கும். "55 கிலோ ஆக வேண்டும்" என்ற பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம்.

சரி, கணக்குக்கு வருவோம். எடை உங்கள் கையில் இல்லை. நடந்தீர்களா, தட்டில் என்ன போட்டீர்கள், இவை உங்கள் கையில் இருக்கின்றன. உங்கள் அம்மாவிடமே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. பீடிக் கடைக்குக் கொண்டு போய்க் கொடுக்கும்போது அன்றன்றைக்குச் சுற்றிய எண்ணிக்கையைப் பாஸ்புக்கில் எழுதி வாங்குவார்கள் அல்லவா? ஒரு நாள் ஆயிரம், ஒரு நாள் அறுநூறு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றும் இல்லை. குறைந்த நாளின் எண்ணும் அந்தப் புத்தகத்தில் இருக்கும். அறுநூறு எழுத வெட்கப்பட்டு அம்மா மறுநாள் கடைக்குப் போகாமல் இருந்திருந்தால், நீங்கள் இன்று கணக்கு எழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். செயலி வேண்டாம், போனில் படம் வேண்டாம். கைப்பையில் வைக்கிற மாதிரி சின்ன நோட்டு. ஒரு நாளைக்கு மூன்று வரி. முதல் வரி: எத்தனை நிமிடம் நடந்தேன். இரண்டாவது: மதிய டப்பாவில் பாதி இடம் காய்க்கு இருந்ததா, பருப்போ பயறோ முட்டையோ மீனோ ஒன்று இருந்ததா. மூன்றாவது: சாயங்காலம் ஐந்து மணிக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவில் என்ன சாப்பிட்டேன்.

மூன்றாவது வரியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் வேலை முடிந்து ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்தவள். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது, வீடு போய்ச் சேர ஏழரை ஆகும். நடுவில் வடை, பஜ்ஜி, சீனி போட்ட டீ, ரயிலில் பிரித்துக்கொள்ளும் காரச்சேவு. இவை எதுவும் "சாப்பாடு" என்ற கணக்கில் வராது, அதனால் நினைவிலும் நிற்காது. சாப்பிட்டதைக் குறைவாகச் சொல்வது மனித இயல்பு. பொய் சொல்ல நினைக்காதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வாயில் போடுவதற்கு முன் எழுதுங்கள். "5.40, வடை 2, நல்ல பசி" என்று எழுதிவிட்டுச் சாப்பிடுங்கள். தடை இல்லை. ஒரு வாரம் எழுதினால் எந்த நாளில் பசியால் சாப்பிடுகிறீர்கள், எந்த நாளில் மேலதிகாரி ஏதாவது சொன்னதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும். பசிதான் என்றால் மருந்து எளிது. அவித்த பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டலை ஒரு சின்ன டப்பாவில் காலையிலேயே எடுத்து வந்து, அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் சாப்பிட்டுவிடுங்கள். ஜங்ஷனில் வடை மணக்கும்போது வயிறு காலியாக இருக்காது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. ஆள் யார்?

வீட்டுக்காரர் வேண்டாம், மகளும் வேண்டாம். அவர்களுக்கு அக்கறை இல்லை என்பதால் சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் தட்டைக் கண்காணிக்கத் தொடங்கினால் அது சோதனைச் சாவடி ஆகிவிடும். அப்புறம் அடுப்படியில் நின்றபடி, யாரும் பார்க்காத நேரத்தில் சாப்பிடத் தோன்றும். மகளுக்கும் அந்த வேலை நல்லதில்லை. பதினைந்து வயதில் அம்மாவின் தட்டை அளந்து பார்க்கிற பெண், நாளை தன் உடம்பையும் அதே கண்ணால் பார்ப்பாள். "பாப்பா, என் கணக்கை நானே எழுதுறேன், நீ பார்க்க வேண்டாம்" என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். பதினாலு பேர் உள்ள குழுவும் வேண்டாம். பதினாலு பேர் முன்னால் நல்ல செய்தி மட்டும்தான் வாயில் வரும்.

உங்கள் கடிதத்திலேயே அந்த ஆள் இருக்கிறார். ரயிலில் "ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்டாரே, அந்த அக்கா. எடையைக் கேட்காமல் முகத்தைப் பார்த்துக் கேட்டவர். தினமும் தவறாமல் பார்க்கிறீர்கள், வீட்டு ஆள் இல்லை, சொன்னால் ஊர் முழுக்கப் பரவும் என்ற பயம் அவரிடம் இருக்காது என்று நினைக்கிறேன். அது உங்களுக்குத்தான் தெரியும், அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதம் முக்கியம். "அக்கா, நான் எடை குறைக்கணும், என்னைக் கண்டிச்சுக்கிட்டே இருங்க" என்று சொன்னால் பாவம், அவர் உண்மையாகவே கண்டிக்கத் தொடங்குவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அக்கா, எனக்குச் சுகர் எல்லையில நிக்குது. ஒரு நோட்டு எழுதுறேன். திங்கள்கிழமை காலையில மட்டும் உங்ககிட்ட காட்டணும். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், இந்த வாரம் எது முடிஞ்சுது, எது இடறுச்சுன்னு மட்டும் கேளுங்க." இரண்டு கேள்வி போதும். அறிவுரை சொல்ல நான் இருக்கிறேன், உங்கள் டாக்டர் இருக்கிறார். அக்கா கேட்டால் போதும். அவருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். பிரஷர் மாத்திரையை மறப்பவராக இருக்கலாம், முழங்கால் பயிற்சியைத் தள்ளிப் போடுபவராக இருக்கலாம். அவரும் ஒரு நோட்டு போட்டால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் கணக்கு இருந்தால் ஒருவர் மேலே ஒருவர் கீழே என்ற நிலை வராது.

ஒரே ஒரு விதியை மட்டும் அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். சறுக்கின நாளில், அன்று ராத்திரியே, ஒரு வரி அனுப்ப வேண்டும். "இன்னைக்கு நடக்கலை, பரோட்டா மூணு." அதற்கு அவர் "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று பதில் போட்டால் போதும். நன்றாகப் போன நாளில் செய்தி தேவையில்லை. நான் பார்த்தவரை, கெட்டுப்போன ஒரு நாளால் யாருடைய முயற்சியும் கெட்டதில்லை. அந்த நாளைச் சொல்லாமல் விட்டதற்குப் பிறகு வரும் நாட்களில்தான் கெடுகிறது. உங்களுக்குச் சொதி அன்றைக்குக் கெடவில்லை, பழைய படம் போட்ட நாலு நாளில்தான் கெட்டது. ஒரு நாள் விடுபட்டால் விடுபடட்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை மிஷினை எறிய வேண்டாம். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலை, கழிப்பறை போய் வந்து காப்பிக்கு முன்னால், பாய் விரிக்காத தரையில் வைத்துப் பாருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். போன வாரத்தோடு ஒப்பிடாமல் நாலு வாரத்துக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிடுங்கள். மாதத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் மிக நல்ல வேகம். மாதம் ஒரு முறை இடுப்பையும் அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக விட்ட பிறகு பாருங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. எடை நின்றுபோன மாதத்திலும் நாடா இறங்கும். இரண்டு மூன்று மாதத்தில் எடை ஒரு இடத்தில் நிற்கத்தான் செய்யும். இளைத்த உடம்புக்குச் செலவு குறைவு, பசியும் கூடும். அக்காவிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

நடையைப் பொறுத்தவரை உங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்கவே வேண்டியதில்லை, பாதை ரெடியாக இருக்கிறது. ஜங்ஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறுவதற்குப் பதிலாகச் சுலோச்சன முதலியார் பாலம் வழியாக நடங்கள். 1843இல் திறந்த பாலம், கீழே தாமிரபரணி. காலையில் அந்தக் காற்று முகத்தில் படுவதற்காகவே நடக்கலாம். சுமார் இருபது, இருபத்தைந்து நிமிடம். சாயங்காலமும் நடந்தால் வாரத்துக்கு ஐந்து நாளில் 200 நிமிடத்தைத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 150 கேட்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். முதல் இரண்டு வாரம் காலை மட்டும் போதும். கத்திரி வெயிலில் சாயங்கால நடையை விட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் என்ன செய்வது என்பதை இப்போதே நோட்டில் எழுதி வையுங்கள்: "மழை என்றால் ராத்திரி வீட்டுக்குள் இருபது நிமிடம்" என்று. மழை வந்த பிறகு யோசித்தால் யோசனையிலேயே பொழுது போய்விடும்.

இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கைப்பிடி பிடிக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பத்து முறை, இரண்டு மூன்று சுற்று. எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து கரையாமல் இருக்க இதுவும் பயறு, முட்டை, மீனும் வேண்டும்.

நடப்பதால் மட்டும் எடை குறைந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அரை மணி நடைக்கு உங்கள் எடையில் 120 முதல் 150 கலோரி செலவாகும். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. அதனால் வீட்டுக்காரருக்கு நான் ஒரு பொறுப்பு தருகிறேன். உங்கள் தட்டை விட்டுவிட்டு எண்ணெய் டின்னைப் பார்க்கச் சொல்லுங்கள். உடைக்கும் தேதியை அவர் டின் மேல் எழுதட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு டீஸ்பூன் என்று வைத்தால், நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டருக்குள் முடிய வேண்டும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து. எத்தனை பேர் சாப்பிடுகிறீர்களோ அதற்குத் தக்கபடி கணக்குப் போடுங்கள். இது குடும்பக் கணக்கு. உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாது.

அல்வாவைப் பற்றி. நெல்லையப்பர் கோயில் பக்கம் போய் வரிசையில் நின்று வாங்கி வருகிறவர் உங்களைக் கெடுக்க வாங்கவில்லை, ஆசையாகத்தான் வாங்குகிறார். ஆனால் அது சம்பா கோதுமைப் பாலில் சீனியும் நெய்யும் சேர்ந்து இறுகியது. சீனி கிராமுக்கு நாலு கலோரி, நெய் ஒன்பது. அரைக் கிலோ வேண்டாம், நூறு கிராம் வாங்கச் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, ஆளுக்கு ஒரு விள்ளல். நீங்களும் சாப்பிடுங்கள். மூன்றாவது வரியில் எழுதுங்கள். டப்பாவில் மிச்சம் இருந்து ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகச் சாப்பிடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். கருப்பட்டி சேர்த்தால் சர்க்கரை ஏறாது என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். ஏறும். காப்பியில் கருப்பட்டி போட்டாலும் சீனிக் கணக்கில்தான் வரும்.

கல்யாண வீட்டில் சொதியை விட வேண்டியதில்லை. தேங்காய்ப்பால் கனமானது, அதனால் ஒரு முறை ஊற்றிக்கொள்ளுங்கள். காய்களை நிறையப் போட்டுக்கொண்டு, இஞ்சிப் பச்சடியோடு நிதானமாகச் சாப்பிடுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸையும் இரண்டாம் சோற்றையும் விடலாம். மறுநாள் பட்டினி கிடந்து ஈடு கட்ட வேண்டாம். மறுநாள் பாலத்தில் நடந்தால் போதும். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்காமல் விட்டாலும் தப்பில்லை, அப்படி விட்டேன் என்று எழுதினால் சரி.

தொடங்கும் முன் டாக்டரிடம் தைராய்டு, ரத்த அழுத்தம், கொழுப்பு அளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்திருந்தால் என்ன எழுதினாலும் எடை மெதுவாகத்தான் அசையும். அதை ஒழுங்கின்மை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வழக்கமில்லாத மூச்சிரைப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைப்பதாகச் சொல்லும் பொடி, கஷாயம் எதையும் யார் தந்தாலும் வாங்க வேண்டாம்.

அம்மாவுக்கு விரல் எடுத்ததைப் பார்த்த பிறகும் ஒழுங்காக இருக்க முடியவில்லையே என்று எழுதியிருந்தீர்கள். பயம் ஒரு வாரத்துக்கு ஓட வைக்கும், ஒரு வருடத்துக்கு ஓட வைக்காது. யாராலும் அப்படி ஓட முடியாது. உங்களுக்குப் பாசம் குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை. ராத்திரி அம்மாவின் பாதத்தைத் துடைத்து, வெடிப்பு, கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பீர்கள் அல்லவா? பார்க்காவிட்டால் இன்றே தொடங்குங்கள். அந்த நேரத்திலேயே உங்கள் மூன்று வரியையும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதலாம். அவருக்குக் கணக்கு நோட்டு என்றால் என்னவென்று தெரியும்.

மூன்று மாதம் கழித்து அதே ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அந்தச் சராசரி மாறுவதற்கு அவ்வளவு காலம் வேண்டும், நடுவில் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் போகும்போது நோட்டையும் கொண்டு போங்கள். விடுபட்ட பக்கங்களோடு அப்படியே.

வருகிற திங்கள்கிழமை வீரவநல்லூரில் ஏறியதும் அந்த அக்கா பக்கத்தில் இடம் பார்த்து உட்காருங்கள். நோட்டில் அன்றைக்கு ஒன்றுமே இருக்காது, பரவாயில்லை. நாலு நாள் பழைய படம் போட்ட கதையை முதலில் சொல்லுங்கள். சேரன்மகாதேவி வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.